நாலு பத்துக்கு நின்ற வாட்ச்

பட்டாளத்தாரை நான் முதலில் பார்த்தபோது அவர் வாயில் ஊசி இருந்தது. பஸ் நிலையத்தின் பின்பக்கம் இருக்கும் பார்சல் ஆபீஸில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தையல் மிஷின் தலையைச் சாக்குத்துணியில் பொதிந்து தைத்துக்கொண்டிருந்தார். பல்லில் கடித்திருந்த கோணி ஊசியை எடுக்காமலே, "புக்கிங்கா, டெலிவரியா?" என்றார்.

"ரெண்டும் இல்லைங்க. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலேருந்து வர்றேன்."

பக்கத்தில் மூட்டைமேல் படுத்திருந்த சுமைகாரர் எழுந்து உட்கார்ந்தார். வண்டியிலிருந்து ஒரு பெட்டியை இறக்க அரை நாள் எடுத்துக்கொள்வார் என்பதால் அவருக்கு அங்கே 'புயல்' என்று பெயர். "பட்டாளம், உங்களைத் திரும்பக் கூப்பிடுறாங்க போல. எல்லையில ஆள் பத்தலையாம்."

"உன்னை அனுப்பிடுறேன். நீ போய்ச் சேர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சிரும்."

வேலைக்குச் சேர்ந்து அது எனக்கு நாலாவது மாதம். எங்கள் ஊரில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா களை வெட்டப் போன வயல்களுக்குச் சொந்தக்காரர்கள்கூட என் கையெழுத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். அதனால்தானோ என்னவோ, அலுவலகத்தில் எழுத்து வேலை எது வந்தாலும் என் மேஜைக்கு வரும். வருடம் ஒருமுறை பன்னிரண்டு முன்னாள் வீரர்களை மேடையேற்றி, ஆளுக்கு ஒரு பாராட்டுரை வாசித்து, ஒரு கேடயம் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்த முறை சண்டையில் முன்னால் நின்றவர்களோடு பின்னால் இருந்து வேலை செய்தவர் ஒருவரையும் சேர்க்கலாம் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். பழைய பதிவேட்டைப் புரட்டியதில் கிடைத்த பெயர் இவருடையது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தையலை நிறுத்தவில்லை.

"சுட்டவங்களைக் கூப்பிடுங்க தம்பி. நான் துப்பாக்கியைத் துடைச்சதோட சரி."

"அப்போ அங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"இதே வேலைதான்." சாக்குப் பொதியைத் தட்டினார். "கட்டி அனுப்புறது."

"எதைங்க?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "செத்துப் போனவங்க சாமானை."

புயல் மறுபடி படுத்துக்கொண்டார்.

பாராட்டுரை எழுத விவரம் வேண்டுமே என்று அதற்குப் பிறகு நாலைந்து முறை போனேன். வண்டி வராத நேரமாகப் பார்த்துப் போனால் பேசுவார். வண்டி வந்துவிட்டால் பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கமாட்டார். அங்கும் இங்குமாகக் கேட்டதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

அவருடைய அப்பா ஒரு ஜவுளிக்கடையில் பொட்டலம் கட்டுபவர். மகன் பத்தாவதில் தேறவில்லை. பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் வரிசையில் நின்றார். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்களாம். "மடிக்கத் தெரியும்" என்றாராம். சிரித்துவிட்டு ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அங்கேயே இருபத்தைந்து வருடம். கம்பளி, பூட்ஸ், கூடாரத் துணி, கொசுவலை. எண்ணி வாங்குவது, மடித்து அடுக்குவது, எண்ணிக் கொடுப்பது. இடையில் கல்யாணம், ஒரு மகள். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. "அவ சாமானை மட்டும் நான் கட்டலை, பொண்ணு கட்டினா" என்று ஒருநாள் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது எல்லையில் சண்டை மூண்டது. அவரையும் ஒரு கிளார்க்கையும் பின்னால் இருந்த ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். நீளமான தகரக் கொட்டகை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரோரம் அடுக்கிய காலிப் பலகைப் பெட்டிகள். மூன்று மாதம் அங்கே இருந்தார். கட்டியவை முப்பத்தேழு பெட்டிகள்.

"ஒருத்தர் எடுத்துச் சொல்லணும், ஒருத்தர் எழுதணும். சொல்றது நான். 'சட்டை, வெள்ளை, ரெண்டு. சீப்பு, ஒண்ணு, பல் உடைஞ்சது.' இவ்வளவுதான். வேற பேச்சு கிடையாது. அந்த கிளார்க் சரியான வாயாடி, சோறு தின்னும்போதுகூடப் பேசுவாரு. ஆனா அந்த மேஜையில உக்காந்துட்டா ஊமை."

"சட்டத்துல அப்படி இருக்கா? பேசக்கூடாதுன்னு?"

"சட்டத்துல ஒண்ணும் இல்ல. பேசினா எண்ணிக்கை தப்பும்."

பட்டியல் மூன்று பிரதி. ஒன்று பெட்டிக்குள், ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கிளார்க்கிடம். துணியைத் துவைத்துக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகக்கூடாத கடிதம் ஏதாவது இருந்தால் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். மற்றபடி இருந்தது இருந்தபடி. ஒருமுறை ஒரு பையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் இருந்ததாம். தின்பண்டத்தை அனுப்பலாமா கூடாதா என்று விதியில் இல்லை. கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தாராம். "பிஸ்கட் பாக்கெட், பாதி" என்று இவர் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

"அழுகை வரலையா உங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அஞ்சு மணிக்குப் பெட்டி ஏத்த வண்டி வந்துரும் தம்பி."

எட்டாவது பெட்டியில் ஒரு சங்கதி நடந்தது. ஐந்து மணி வண்டியில் பெட்டி போனது. பாதி வழியில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடியிருக்கிறார். பெட்டிக்குள் ஏதோ டிக் டிக் என்கிறதாம். குண்டு என்று பயந்து ஆட்களைக் கூப்பிட்டு, தூரத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்து, பெட்டியை நடுரோட்டில் உடைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது ஒரு கைக்கடிகாரம். சட்டை, பனியன், கடிதம், போட்டோ எல்லாம் ரோட்டில் காற்றில் பறந்தன. பொறுக்கி எடுத்து ஒரு சாக்கில் போட்டு மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இவர் மறுபடி துவைத்து, மறுபடி மடித்து, வேறு பெட்டியில் கட்டினார். பட்டியலில் ஒரு போட்டோ குறைந்தது.

"அதுக்கப்புறம் வாட்ச் எது வந்தாலும் பக்கத்துல இருக்குற குமிழை வெளியே இழுத்துவிட்டுருவேன். முள்ளு நின்னுரும். சத்தம் வராது. கடைசி வேலை அதுதான். குமிழை இழு, பெட்டியை மூடு, ஆணி அடி."

"யாராவது அப்படிச் செய்யச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு போய் ஒரு பாராட்டுரை எழுதினேன். தாய்மண்ணின் மானம் காக்கத் தன் இன்னுயிரைத் துச்சமென மதித்து என்று ஆரம்பம். கல்லூரியில் பேச்சுப்போட்டிக்கு எழுதியதிலிருந்து சில வரிகளும் உள்ளே இருந்தன. அடுத்த முறை போனபோது படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கடைசி வரை கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. யாரு இது?"

"நீங்கதாங்க."

"அவருக்கு வேணாம்னா எனக்குக் குடுத்துடுங்க. பொண்ணு பார்க்கப் போகும்போது படிச்சுக் காட்டிக்கிறேன்," என்றார் புயல்.

"உனக்கு ஏற்கெனவே ரெண்டு பசங்கடா."

"அந்தத் துச்சமென மதிச்சதுல அதுவும் அடக்கம் பட்டாளம்."

மேடைக்கு வர ஒருவழியாக ஒப்புக்கொண்டார். மகள் வற்புறுத்தினாளாம்.

இதே சமயத்தில் என் மேஜையில் இன்னொரு காகிதமும் இருந்தது. லாண்டரி வைத்திருக்கும் ஓர் அம்மாவின் மனு. அவருடைய ஒரே மகன் அந்தச் சண்டையில் இறந்தவன், இருபத்தொரு வயது. ஒன்பது வருடமாக ஒரே மனுவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் நிகழ்ச்சியில் காலை பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் மௌனம் இருப்போம். அதை மாலை நாலு பத்துக்கு மாற்ற வேண்டும், தன் மகன் உயிர் போன நேரம் அது, அவன் கைக்கடிகாரமும் அப்போதே நின்றுவிட்டது என்பது மனு. ஒன்பது வருடமும் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் போட்டிருந்தார்கள். நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். நிகழ்ச்சியை எப்படியும் இந்த முறை மாலையில் வைப்பதாக இருந்ததால் கண்காணிப்பாளர் சரி என்றார். அழைப்பிதழில் அந்தக் கடிகாரத்தின் படத்தைப் போடலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படமெடுக்கப் போனேன். ஒரு சந்துக்குள் இருக்கும் கடை. வாசலில் ஹாங்கர்களில் தொங்கும் கோட்டுகள், உள்ளே நீராவி, ஈரத்துணி வாடை. மேஜைக்கு மேலே அலமாரியில், ஒரு சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்து அதில் கடிகாரம் இருந்தது. கண்ணாடியில் ஒரு விரிசல். முட்கள் நாலு பத்தில்.

"வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு தம்பி. நான் தொடலை. அவனோட சேர்ந்து அதுவும் நின்னுடுச்சு."

தினமும் நாலு பத்துக்கு அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நிற்பார். ஒரு நிமிடம். பிறகு மறுபடி வேலை. வாடிக்கையாளர்களுக்கு அது பழகியிருந்தது. அவசரக்காரர்கள் நாலு ஐந்துக்கே வந்து வாங்கிப் போய்விடுவார்கள். இருபத்திரண்டு வருடம்.

அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பார்சல் ஆபீஸுக்குப் போனேன். பட்டாளத்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். தன் பெயரைத் தேடவில்லை. அட்டையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இந்தப் பட்டையில தையல் இருக்கு, பாத்தீங்களா?"

பார்த்தேன். தோல்பட்டை அறுந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு தையல், முடிவில் இரட்டை முடிச்சு. அவர் காலடியில் கிடந்த சாக்குப் பொதியின் வாயிலும் அதே தையல், அதே முடிச்சு.

"பட்டை பிஞ்சு வந்துச்சு. அப்படியே அனுப்பக் கூடாதேன்னு நான்தான் தைச்சேன். குமிழ் வெளியே இருக்கு பாருங்க."

மயிரிழை அளவு வெளியே இருந்தது. படமெடுத்தவன் நான். எனக்கு அது கண்ணில் படவில்லை.

"நாலு பத்துன்னா என்னன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

கீழே இருந்த வரியைப் படித்தேன். அவன் இதயமும் இந்தக் கடிகாரமும் ஒன்றாக நின்ற நேரம் என்று நான் எழுதியிருந்தேன். லாண்டரி அம்மாவின் மனுவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் அழைப்பிதழை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் நீவி.

"பெட்டி மூடின நேரம் தம்பி அது."

ஒரு வண்டி வந்தது. பட்டாளத்தார் எழுந்து போய் ஏழு மூட்டை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லணும்," என்றார்.

நான் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பையனின் பழைய கோப்பை எடுத்தேன். இறந்தது காலை ஏழு இருபது. வாகனத்தின் மேல் குண்டு விழுந்திருக்கிறது. சாமான் கட்டப்பட்ட தேதி அதற்கு நாலு நாள் பின்னால். அந்த முகாமில் கட்டிய பெட்டிகளின் பதிவேட்டையும் பார்த்தேன்; சாமான்களின் பெயரும் கட்டிய நேரமும் மட்டும் அதில் இருந்தன. எட்டாவது பெட்டிக்குப் பிறகு கட்டியவை இருபத்தொன்பது. அதில் கடிகாரம் இருந்தவை இருபத்தொன்று. கட்டி முடித்த நேரம் எல்லாவற்றிலும் மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவே.

கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தனை அழைப்பிதழ் போயிருக்கு?"

"அறுநூறு சார்."

"அப்புறம் என்னப்பா. இருபத்திரண்டு வருஷமா அந்தம்மா நிம்மதியா இருந்திருக்காங்க. நீயும் அந்தப் பெரியவரும் போய் அதுல கையை விடணுமா?"

மறுநாள் காலை பட்டாளத்தாரிடம் இதை அப்படியே சொன்னேன். விழா முடியட்டும் என்றும் சொன்னேன்.

"விழாவுல என்னை மேடையில உக்கார வெச்சுட்டு நாலு பத்துக்கு எழுந்து நிக்கச் சொல்வீங்க. நான் எப்படி நிப்பேன்?"

"சொல்லிட்டா அவங்க எப்படி நிப்பாங்க?"

"அது தெரியல."

சொன்னாரே தவிர, செருப்பை மாட்டிக்கொண்டார். புயலிடம், "புக்கிங் பாத்துக்கோ" என்றார். புயல் முதல்முறையாக வேகமாக எழுந்தார்.

நாங்கள் போனபோது மணி பதினொன்று இருக்கும். அந்த அம்மா ஓர் ஓட்டலின் வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தார் வாசலைத் தாண்டி ஓரடி வைத்து அங்கேயே நின்றார்.

"அம்மா, நான் பட்டாளத்துல ஸ்டோர்ல இருந்தேன். உங்க பையன் சாமானைக் கட்டி அனுப்பினது நான்தான்."

அந்த அம்மா கையிலிருந்த சட்டையின் ஒரு கையை முழுசாகத் தேய்த்து முடித்தார். "உக்காருங்க."

"நின்னுட்டே சொல்லிடுறேன்மா. அந்த வாட்ச் தானா நிக்கல. நான் நிறுத்தினேன். பெட்டிக்குள்ள சத்தம் வரக்கூடாதுன்னு எல்லா வாட்சையும் நிறுத்துவேன். நாலு பத்துங்கிறது பெட்டி மூடின நேரம். அதுவும் அன்னைக்கு இல்ல. நாலு நாள் கழிச்சு."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அது உஸ்ஸென்று நீராவி விட்டது.

"அப்போ அவன் எப்போ?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "காலையில ஏழு இருபதும்மா," என்றேன்.

"ஏழு இருபது." ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நான் தூங்கிட்டு இருந்திருப்பேன். அப்போல்லாம் கடை கிடையாது. லேட்டாத்தான் எழுந்திரிப்பேன்."

சோப்பு டப்பாவை இறக்கித் திறந்தார். கடிகாரத்துக்கு அடியில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. என்னிடம் நீட்டினார். "படிங்க தம்பி. எனக்குப் படிக்க வராது. வந்தன்னைக்கு என் தங்கச்சி பையன் படிச்சுக் காட்டினான். சட்டை, சீப்பு வரைக்கும் கேட்டேன். அதுக்கு மேல வேணாம்னுட்டேன்."

கார்பன் எழுத்து மங்கியிருந்தது. படித்தேன். சட்டை வெள்ளை இரண்டு. சீப்பு ஒன்று, பல் உடைந்தது. போர்வை ஒன்று. பிஸ்கட் பாக்கெட், பாதி.

"அது வந்துச்சு. எறும்பு மொய்ச்சுப் போயிருந்துச்சு," என்றார்.

கைக்கடிகாரம் ஒன்று, கண்ணாடி விரிசல், ஓடுகிறது.

கடைசி வார்த்தையை நான் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அது அந்த டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"நாலு நாள் ஓடுச்சா அது?"

"ஓடுச்சும்மா," என்றார் பட்டாளத்தார்.

"சரியான நேரம் காட்டுச்சா? அவன் எப்பவும் ரெண்டு நிமிஷம் கூட்டி வெச்சிருப்பான். பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு."

"தெரியலம்மா. நான் பாக்கல."

"அதை நிறுத்துறப்போ என்ன நினைச்சீங்க?"

பட்டாளத்தார் யோசித்தார். வேறு ஏதாவது சொல்லிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. "அஞ்சு மணி வண்டி வந்துரும்னு நினைச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

அந்த அம்மா தலையை ஆட்டினார். மேஜைமேல் இருந்த சட்டையைக் கவிழ்த்துப்போட்டு மடிக்க ஆரம்பித்தார். இரண்டு கையையும் உள்ளே மடக்கி, காலர் நசுங்காமல் ஒரு விரல் இடம் விட்டு, மூன்றாக. பட்டாளத்தார் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் சட்டையை மடிச்சதும் நீங்கதானா?"

"நான்தான்."

"இப்படித்தான் இருந்துச்சு. அதைப் பிரிச்சு, மடிச்சு, பிரிச்சு, மடிச்சுப் பழகினேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கடை." மடித்ததை அடுக்கின்மேல் வைத்தார். "சரிண்ணா. வேலை கிடக்கு."

வெளியே வந்தோம். பஸ் நிலையம் வரை நடந்தோம். வாசலில் என்னிடம், "உங்களுக்கு லேட் ஆயிருக்குமே" என்றார்.

அன்று மாலை நாலு பத்துக்கு இஸ்திரி நிற்கவில்லை என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார். மறுநாளும் நிற்கவில்லை. நாலு ஐந்துக்கே வந்து துணி வாங்கும் ஒருவர், வழக்கம்போல ஓடிவந்து, நாலு இருபது வரை என்ன செய்வதென்று தெரியாமல் கடையிலேயே நின்றிருந்தாராம்.

மூன்றாம் நாள் அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கண்காணிப்பாளர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அம்மா, நீங்க கவலைப்படாதீங்க. வேணும்னா ஏழு இருபதுக்கே மாத்திடலாம். காலையில ஒரு சின்னக் கூட்டமா வெச்சு..."

"வேணாம் சார். ஏழு இருபது எனக்குப் பழக்கம் இல்ல."

"அப்போ?"

"நாலு பத்தே இருக்கட்டும். ஆனா அவன் செத்த நேரம்னு படிக்காதீங்க. பெட்டி கட்டின நேரம்னு படிங்க."

"மேடையில எப்படிம்மா அப்படிப் படிக்க முடியும்? வர்றவங்கல்லாம் என்ன நினைப்பாங்க?"

"அப்போ ஒண்ணும் படிக்காதீங்க. நேரத்தை மட்டும் சொல்லுங்க."

விழா அப்படித்தான் நடந்தது. ஒலிபெருக்கியில் நான்தான் அறிவித்தேன். "நேரம் நாலு பத்து. ஒரு நிமிடம் மௌனம்." அறுநூறு நாற்காலிகளில் முந்நூறுக்கு மேல் காலி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேடையில் பன்னிரண்டாவது நாற்காலிக்கு முன்னால் பட்டாளத்தார், மகள் தேய்த்துக் கொடுத்த சட்டையில். இரண்டாவது வரிசையில் அந்த அம்மா, கையில் சோப்பு டப்பா இல்லாமல். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அறுபது எண்ணிவிட்டு நான் "நன்றி, அமரவும்" என்றேன்.

பட்டாளத்தாரின் முறை வந்தபோது பழைய பாராட்டுரையை நான் எடுக்கவில்லை. முந்தின நாள் எழுதிவைத்திருந்த இரண்டு வரியைப் படித்தேன். "இருபத்தைந்து வருடம் ஸ்டோரில் வேலை. சண்டை நடந்த மூன்று மாதத்தில், இறந்த முப்பத்தேழு வீரர்களின் சாமான்களை எண்ணி, துவைத்து, மடித்து, இருந்தது இருந்தபடி வீட்டுக்கு அனுப்பியவர்." முடிந்துவிட்டதா என்று தெரியாமல் கூட்டம் சற்றுத் தாமதித்துத்தான் கைதட்டியது. கண்காணிப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பட்டாளத்தார் கேடயத்தை வாங்கி, பின்பக்கம் திருப்பி, ஆணி எப்படி அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "மீதி இருபது வாட்ச் எங்கெங்க இருக்குன்னு உங்ககிட்ட விலாசம் இருக்கும்ல?"

"இருக்குங்க. கொடுக்கலாமான்னுதான் தெரியல."

"ஒவ்வொரு வீட்லயும் ஒரு நேரத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க தம்பி."

அந்த அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்களா போகாதீங்கண்ணா," என்றார். "யாராவது கேட்டு வந்தா சொல்லுங்க. கேக்காதவங்களை விட்டுடுங்க."

"உங்ககிட்ட நானாத்தானே வந்தேன்?"

"அதான் சொல்றேன்."

பட்டாளத்தார் விலாசத்தை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இது நடந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. லாண்டரிக்கார அம்மா விழாவுக்கு மறுநாளிலிருந்து மறுபடி நாலு பத்துக்கு இஸ்திரியை நிமிர்த்தி வைக்கிறார். கடிகாரத்தின் குமிழை உள்ளே தள்ளவில்லை. பட்டாளத்தாருக்கு அறுபத்தேழு வயதாகிறது. அதே பார்சல் ஆபீஸில்தான் இருக்கிறார். கேடயத்தை புக்கிங் ஜன்னலுக்கு மேலே புயல் மாட்டிவைத்திருக்கிறார். மாட்ட அரை நாள் ஆயிற்றாம். அதன் கீழே, முப்பத்தேழு பெட்டிகளைப் பற்றித் தெரிய வேண்டியவர்கள் கேட்கலாம் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. எழுத்து என்னுடையது, வாசகம் பட்டாளத்தாருடையது. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.